ஆரம் வாங்கப் போறீங்களா? பவுனுக்கு முன்னால் நீளத்தைப் பாருங்க!

ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் கழுத்து நகையும் உண்டு, அதைச் செய்யும் தொழிற்சாலையும் உண்டு. ஆனால் வாங்கிய ஆரத்தைப் பலர் போடுவதே இல்லை. ஏன்?

"எத்தனை பவுன்ல பார்க்கணும்மா?"

நகைக்கடைப் படியேறி 'ஆரம்' என்று வாயெடுத்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். நமக்கும் பதில் தயாராக இருக்கும். ஐந்து பவுன், ஏழு பவுன், கல்யாணம் என்றால் பத்துக்கு மேல். எத்தனை அங்குலம் என்று கடைக்காரரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் ஒரு பார்வை, கூட வந்தவர்களிடம் ஒரு "நல்லாருக்கா?", அதோடு பில் போட்டாகிவிடும்.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. முகூர்த்தத்துக்கு ஒரு நாள், வரவேற்புக்கு ஒரு நாள் போட்ட ஆரம் அப்புறம் லாக்கருக்குப் போகும். அடுத்து வெளியே வருவது நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் அடமானத்துக்கு. கேட்டால் "ரொம்ப கனம்", "தாலிச் சங்கிலியோட சிக்கிக்குது", "டாலர் திரும்பித் திரும்பிப் போகுது" என்று காரணம் வரும். இந்த மூன்று புகாருக்கும் பவுனோடு பெரிய தொடர்பு இல்லை. நீளம், தொங்கும் விதம், பின்புறக் கோப்பு ஆகிய மூன்றும் சரியாக அமையாததால் வருகிற வினைகள் இவை.

கடிகார ஊர், நகை ஊரான கதை

டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூர் சிப்காட்டில் கைக்கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. அடுத்த பத்தாண்டில் அதே நிறுவனம் நகைத் தொழிலில் இறங்கியது. தனிஷ்க் என்ற பெயரில் முதல் கடை 1996-ல் சென்னையில் திறக்கப்பட்டது. நகை தயாரானது ஓசூரில்.

தொடக்கத்தில் அவர்கள் முன்வைத்தது 18 காரட்டில் கல் பதித்த, மேல்நாட்டுச் சாயல் கொண்ட நகைகள். நம் வீட்டுப் பெண்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்கம் என்றால் 22 காரட், கழுத்துக்கு என்றால் நம் ஊர் மாதிரி. சந்தை கற்றுக்கொடுத்த அந்தப் பாடத்துக்குப் பிறகு நிறுவனம் 22 காரட்டுக்கு வந்தது. நகையை உரசாமல், உருக்காமல் எக்ஸ்-கதிர் கொண்டு தங்கத்தின் தரத்தைக் காட்டும் காரட் மீட்டரைக் கடைக்குள் கொண்டுவைத்தது. நகைத் தொழிலாளர்கள் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யக் 'காரிகர் பார்க்' என்ற தொழிற்கூடங்களும் ஓசூரில் அமைந்தன. 2008-ல் வந்த 'ஜோதா அக்பர்' படத்தில் ஐஸ்வர்யா ராய் அணிந்து வந்த அடுக்கடுக்கான ஆரங்கள் தனிஷ்க் செய்தவை.

இந்த வட்டாரத்துப் பெண்களின் கைவேலையும் இந்தக் கதையில் உண்டு. மைராடா என்ற தொண்டு நிறுவனம் 1990-களில் டைட்டனோடு கைகோத்து, சுயஉதவிக் குழுப் பெண்களே உரிமையாளர்களாக இருக்கும் 'மெடோ' என்ற நிறுவனத்தை உருவாக்கியது. கைக்கடிகாரத்தின் உலோகப் பட்டைக்குக் கண்ணி கோக்கும் வேலையைச் சுற்றுக் கிராமங்களின் பெண்கள் செய்தார்கள். கண்ணிக்குக் கண்ணி எவ்வளவு இடைவெளி விட்டால் பட்டை மணிக்கட்டில் படியும், எவ்வளவு இறுக்கினால் விறைக்கும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும். ஆரத்துக்கும் அதே கணக்குத்தான்.

மூன்று மொழி வீடுகள், முப்பது வகை ஆரங்கள்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர், சூளகிரிப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னட வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். கல்யாண மண்டபத்தில் நின்றால் நீள ஆரத்தின் பெரும்பாலான வகைகளை ஒரே வரிசையில் பார்த்துவிடலாம்.

காசு மாலை எல்லோருக்கும் பொது. கன்னட வீட்டில் காசின சர, தெலுங்கு வீட்டில் காசுல பேரு. லட்சுமி உருவம் பதித்த வட்டக் காசுகளைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கோத்திருப்பார்கள். பழைய வீடுகளில் வெள்ளைக்கார ராஜா தலை போட்ட அசல் சவரன் காசிலேயே கோத்த மாலையும் உண்டு. அந்த சவரன் காசின் எடை 7.98 கிராம், தங்கம் 22 காரட். நாம் இன்றும் 8 கிராமை ஒரு சவரன் என்று பேசுவது அந்த வழக்கத்தில்தான்.

மாங்காய் மாலை தமிழ் வீட்டுக் கல்யாணத்தின் நாயகி. தோத்தாபுரியும் அல்போன்சாவும் காய்த்துத் தொங்குகிற, ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடத்துகிற கிருஷ்ணகிரியில் இதற்குத் தனி உரிமையே கொண்டாடலாம்! சிவப்புக் கெம்பு பதித்த மாங்காய்களை வரிசையாகக் கோத்து, கீழே ஒரு பதக்கம். பரதநாட்டிய மேடைகளில் பார்க்கும் கெம்பு நகைகளுக்குப் பேர்போன ஊர் நாகர்கோவில் வடசேரி. அங்கு செய்யப்படும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

குண்டு மணிகளைக் கோத்த குண்டின சரவும், அவல் போலத் தட்டையான துண்டுகளைக் கோத்த அவலக்கி சரவும் கன்னட வீடுகளின் அடையாளம். தெலுங்கு வீடுகளில் பல வடச் சந்திரஹாரம் உண்டு. கருமணி கோத்த மாங்கல்யச் சங்கிலி கன்னடத்தில் கரிமணி, தெலுங்கில் நல்லபூசலு. அதுவும் நீளச் சங்கிலிதான். ஆனால் வேலைக்குப் போகும் பெண்கள் இப்போது அதைக் கழுத்தை ஒட்டிய குட்டைச் சங்கிலியாக மாற்றிக்கொண்டு விட்டார்கள். நகாசு வேலை செய்து, பழுப்பேற்றி 'ஆன்டிக்' என்று விற்கும் லட்சுமி ஆரம் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால் பட்டுக்குச் சிக்பேட்டை, நகைக்கு நகரத்பேட்டை, அவென்யூ ரோடு என்று ஒரு கால் அங்கேயும், சேலம், தருமபுரி என்று ஒரு கால் இங்கேயும் வைப்பது இந்தப் பகுதிக்காரர்களின் பழக்கம். மாதிரிக்குப் பஞ்சமே இல்லை. தடுமாற்றமும் அதனால்தான்.

அங்குலக் கணக்கு

16 அங்குலம் என்றால் தொண்டைக் குழியை ஒட்டி நிற்கும். அட்டிகை, நெக்லஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 18 அங்குலம் காறை எலும்பில் படியும். 20 முதல் 24 வரை மார்பின் மேல்பாதி. நாம் தினமும் போடுகிற சங்கிலியும் பலருடைய தாலிக்கொடியும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். 28 முதல் 30 வரை மார்புக்குக் கீழே இறங்கும். ஆரம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இங்கிருந்துதான். 36-க்கு மேல் போனால் பதக்கம் தொப்புளுக்குப் பக்கத்தில் நிற்கும். மேல்நாட்டில் 20 முதல் 24 அங்குலத்தை மாட்டினி, 28-லிருந்து 36 வரை ஓப்பரா, அதற்கு மேல் ரோப் என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். கடையில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் மிரள வேண்டாம், நம் ஆரத்தைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல வராது. ஐந்தடிக்குள் இருப்பவருக்கு 36 அங்குல ஆரம் இடுப்பில் இடிக்கும், ஆளை இன்னும் குட்டையாகக் காட்டும். அவர்களுக்கு 26, 28 அங்குலமே தாராளம். உயரமானவர்கள் 30-க்கு மேல் தைரியமாகப் போகலாம். கழுத்து குட்டையாக இருப்பவர்கள் நெக்லஸை விட்டுவிட்டு ஆரம் மட்டும் போட்டால் கழுத்து எடுப்பாகத் தெரியும். மார்பு பருத்தவர்கள் பதக்கம் சரியாக நடுமார்பில் நிற்கும் நீளத்தைத் தவிர்க்கலாம். அங்கே பதக்கம் படியாமல் முன்னால் துருத்தி நிற்கும். இரண்டு அங்குலம் ஏற்றினாலோ நான்கு அங்குலம் இறக்கினாலோ சரியாகிவிடும்.

அளப்பதற்கு ஒரு சாதாரண நூல் போதும். கழுத்தைச் சுற்றிப் போட்டு, பதக்கம் எங்கே தொங்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அங்கே இரு முனையையும் சேர்த்துப் பிடியுங்கள். நூலை எடுத்து அளந்தால் வருவதுதான் உங்கள் நீளம். கடையில் சொல்லும் நீளம் பதக்கத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று அங்குலப் பதக்கம் என்றால் அந்த வித்தியாசம் பெரிது.

தட்டில் அழகு வேறு, கழுத்தில் அழகு வேறு

கடையில் வெல்வெட் தட்டில் படுத்திருக்கும் ஆரம் எல்லாமே அழகுதான். அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். மாங்காய் மாலையை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு மாங்காயின் முதுகிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வளையம் பற்றவைத்து, இரண்டு வரிசையாகக் கோத்திருந்தால் அது புரளாது. மேலே மட்டும் ஒற்றை வளையம் இருந்தால் நாலு அடி நடப்பதற்குள் இரண்டு மாங்காயாவது குப்புற விழும். வளையங்களுக்குள் இடைவெளியே இல்லாமல் இறுக்கிக் கோத்திருந்தால் ஆரம் கழுத்து வளைவில் வளையாமல், தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பதக்கத்தைச் சங்கிலியோடு சேர்க்கும் இடமும் முக்கியம். அகலமான பதக்கத்தை நடுவில் ஒரே ஒரு வளையத்தில் தொங்கவிட்டால் அது சுழலத்தான் செய்யும். இடமும் வலமுமாக இரண்டு இடத்தில் பிடித்திருந்தால் நேரே நிற்கும். பின்கழுத்தில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் 'பேக் செயின்' இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று நான்கு அங்குலம் ஏற்றி இறக்க முடிந்தால் ஒரே ஆரம் பட்டுப்புடவைக்கும் ஆகும், சுடிதாருக்கும் ஆகும்.

கழுத்தில் போட்டபின் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பது பாதிப் பரீட்சைதான். உட்காருங்கள், குனியுங்கள், தலையைத் திருப்புங்கள். ஐந்து நிமிடம் கழற்றாமல் அப்படியே கடைக்குள் நடங்கள். பின்கழுத்தில் அறுத்தால் அந்த மாதிரி உங்களுக்கு இல்லை. பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. மெல்லிய ஒற்றைச் சங்கிலியில் கனத்த பதக்கம் என்றால் அறுக்கும். பட்டையான சங்கிலியோ இரட்டை வடமோ பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

எதோடு எதைப் போடலாம்?

அட்டிகையும் ஆரமும் சேர்த்துப் போடுவது நம் மரபு. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். 18-ம் 22-ம் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். 16-ம் 30-ம் என்றால் இரண்டும் தனித்தனியே தெரியும். மேலே இருப்பது வேலைப்பாடு மிகுந்தது என்றால் கீழே இருப்பது எளிமையாக இருக்கட்டும். இரண்டிலும் லட்சுமி, இரண்டிலும் மயில், காதில் ஜிமிக்கி, இடுப்பில் ஒட்டியாணம் என்று போனால் பார்ப்பவர் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். தாலிக்கொடியின் நீளத்துக்கே ஆரமும் வாங்கினால் சிக்கல் நிச்சயம். ஆறு அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும்.

பட்டுப்புடவைக்கு முந்தானையை மடிப்பெடுத்துக் குத்திவிட்டு, அதன்மேல் ஆரத்தைப் போடுங்கள். முந்தானைக்கு அடியில் போனால் பாதி ஆரம் மறைந்துபோகும். உடல் முழுக்கச் சரிகை ஓடும் புடவைக்குக் கல் பதித்த ஆரம் ஆகாது. கல்லைப் பிடித்திருக்கும் கொடுக்குகள் சரிகை இழையை இழுத்துவிடும், இரண்டுக்கும் சேதம். அதற்குக் காசு மாலையோ குண்டு மாலையோ பொருத்தம். எளிய கரைப் புடவைக்குக் கெம்பு மாங்காய் மாலை எடுப்பு. கழுத்து மூடிய சுடிதாருக்கும் குர்த்தாவுக்கும் 28 அங்குலத்தில் ஒற்றைப் பதக்கச் சங்கிலி போதும். துப்பட்டாவை ஒரு தோளில் மட்டும் விடுங்கள்.

கல்யாணப் பெண்ணுக்கு ஒரு குறிப்பு. பாகலூர் ரோஜாவில் கட்டிய கனத்த மாலை கழுத்தில் ஏறியதும் உள்ளே இருக்கும் ஆரம் யார் கண்ணுக்கும் தெரியாது. மாலைக்குள் சிக்கிக் கல் தெறிப்பதும் உண்டு. முகூர்த்த நேரத்தில் அட்டிகை, நெக்லஸ் போதும். மாலையைக் கழற்றும் வரவேற்புக்கு ஆரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவருக்கு எது சரி?

இந்த வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலை முழுக்கப் பெண்களைக் கொண்டே இயங்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. தன் சம்பளத்தில், தன் பெயரில் சீட்டுக் கட்டி, தன் முதல் ஆரத்தைத் தானே வாங்கும் தலைமுறை இது.

ஆனால் ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீளச் சங்கிலி ஆபத்து. மின்னணுப் பொருள் கோக்கும் அறைகளில் உலோக நகைக்கே அனுமதி கிடைக்காது. சிப்காட்டிலிருந்து இரவு ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டியில் திரும்புகிறவருக்குக் கழுத்தில் தொங்கும் தங்கம் பயத்தைத்தான் தரும். ஆக, இவர்கள் ஆரம் போடும் நாள்கள் எண்ணிக்கையில் குறைவு: ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர், யுகாதி, பொங்கல், தோழி கல்யாணம்.

அப்படிப்பட்டவர்கள் பத்துப் பவுனில் ஒரே ஆரம் வாங்குவதைவிட, மூன்று நான்கு பவுனில் 28 அங்குலச் சங்கிலியும், தனியே கழற்றி மாட்டக்கூடிய பதக்கமும் வாங்குவது புத்திசாலித்தனம். பதக்கத்தைக் கழற்றினால் தினசரிச் சங்கிலி, மாட்டினால் ஆரம். பதக்கத்தை மட்டும் குட்டைச் சங்கிலியில் கோத்தால் நெக்லஸ். கல்யாணத்துக்குப் பெரிய ஆரம் வேண்டும் என்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம், சிதம்பரம் கவரிங் வாங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ராஜராஜன் கற்றுத்தரும் எடைக் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழனும் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் கல்வெட்டில் இருக்கிறது. பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், ரத்தினங்களைத் தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். முத்து எத்தனை, என்ன ரகம், உள்ளே வைத்த அரக்கும் கோத்த நூலும் எடையில் சேர்ந்ததா என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ராஜாவே அரக்குக்குக் கணக்குக் கேட்டிருக்கும்போது நாம் கேட்கத் தயங்கலாமா?

கல் பதித்த ஆரம் என்றால் மொத்த எடை வேறு, தங்கத்தின் நிகர எடை வேறு. கல், முத்து, அரக்கு எல்லாம் கழித்து மிஞ்சுவதற்குத்தான் தங்க விலை. கல்லுக்குத் தனி விலை. பில்லில் இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். நகாசு வேலைக்கும் ஆன்டிக் நகைக்கும் சேதாரம் அதிகம் போடுவார்கள். அந்தச் சேதாரமும் செய்கூலியும் நகையை மாற்றும்போது திரும்ப வராது. மொத்தத் தொகைக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு.

ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்கத் தனி அடையாள எண் இல்லாத நகையை விற்கக்கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை, 22கே916 என்ற தரக்குறி, அந்த ஆறு எழுத்து-எண் ஆகிய மூன்றும் ஆரத்தில் பொறித்திருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் எண்ணைத் தட்டினால் நகையின் விவரம் வந்துவிடும். ஹால்மார்க் கட்டணம் நகை ஒன்றுக்கு 45 ரூபாயும் வரியும்தான், எடைக்கு ஏற்ப அது கூடுவதில்லை. குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. அந்த வகை ஆரம் வாங்கினால் காரட், நிகர எடை, கல் விவரம் எல்லாம் பில்லில் எழுதி வாங்குவது உங்கள் பொறுப்பு.

பராமரிக்க

* ஆரத்தை மடித்துத் திணிக்காமல், பஞ்சு வைத்துப் படுக்கையாக வையுங்கள். ஒரு பெட்டியில் ஒரு நகை மட்டும்.
* வெறும் தங்கம் என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கலாம். முத்து, அரக்கு, கெம்பு, ஆன்டிக் நகைகளைத் தண்ணீரில் போடவே கூடாது, துணியால் துடைத்தால் போதும்.
* சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் அடித்து முடித்த பிறகே ஆரம்.
* ஆண்டுக்கு ஒருமுறை பத்தரிடம் கொடுத்துக் கொக்கி, வளையம், பற்றவைப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம் அறுவது பெரும்பாலும் கொக்கிப் பக்கம்தான்.

முடிவாக ஒன்று. பாட்டி கொடுத்த ஆரம் நீளமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது என்று அதை உருக்கிப் புதியது வாங்க ஓடாதீர்கள். உருக்கினால் சேதாரமும் செய்கூலியும் மறுபடி உங்கள் தலையில்தான். நாலு மாங்காயை எடுத்து நீளத்தைக் குறைக்கலாம், எடுத்ததில் ஒரு ஜோடித் தோடு செய்யலாம், பின்னால் பேக் செயின் வைக்கலாம். கைதேர்ந்த பத்தர் இருந்தால் போதும். புதிதாக வாங்கப் போகிறவர்களோ, பர்ஸோடு ஒரு நூலையும் எடுத்துக்கொண்டு போங்கள். "எத்தனை பவுன்ல?" என்று கடைக்காரர் கேட்டால், முதலில் அங்குலத்தைச் சொல்லுங்கள், பவுனை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.